அண்ணே, உன் ஏ15 எஞ்சினை விற்றுவிட்டேன்

அண்ணே,

அப்பாவின் திவசம் முடிந்தது. யார் யார் வந்தார்கள், என்ன சமைத்தோம் என்பதையெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பார். கார் நம் வீட்டுக்கு எப்படி வந்தது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். மாமா வீட்டாரும் இதைப் படிப்பார்கள். அதனால் அந்தப் பேச்சை நான் இங்கே எடுக்கவில்லை.

சொல்ல வேண்டியது இரண்டு. அப்பாவின் டட்சன் சன்னி கூப்பேயைக் கொழும்புக்காரர் ஒருவருக்கு விற்கலாம் என்றாய், அது விற்பனைக்கு இல்லை. அதில் போடலாம் என்று கராஜ் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனாயே அந்த ஏ15 எஞ்சின், அதை விற்றுவிட்டேன். வந்த காசு காரின் சொந்த எஞ்சினான பழைய ஏ12-க்கும் காரின் தரைத் தகட்டுக்கும் போனது. கேட்காமல் செய்ததற்கு என்னை மன்னித்துவிடு. கேட்டிருந்தால் "பொறு, லீவில் வந்து பார்க்கிறேன்" என்றுதான் சொல்லியிருப்பாய். நீ பொறுக்கச் சொன்ன காலத்தில்தான் தரை இரண்டு பக்கமும் ஓட்டையானது.

ஏ12-க்குப் பதில் ஏ15 போடலாம் என்ற உன் கணக்கில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கொழும்பைவிட இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சின் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். நம் சன்னி ஜிஎக்ஸ் கூப்பேக்கு ஜப்பானில் எழுதிய 83 குதிரைத்திறன் நம் றோட்டில் அறுபத்தைந்து சொச்சம்தான். வெனட் வேனில் கழற்றிய ஏ15 1487 சிசி. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 82 மில்லிமீற்றர். குறைந்த சுற்றிலிருந்தே இழுக்கும். ஏற்றத்தில் கியர் குறைக்காமல் போகலாம். தினமும் வேலைக்கு ஓட்டுகிற கார் என்றால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன்.

ஆனால் இது அந்த மாதிரிக் கார் இல்லை. ஏ12-இன் போர், அதாவது சிலிண்டரின் அகலம், 73, ஸ்ட்ரோக் 70. வேகமாகச் சுற்றுவதற்காகவே செய்த எஞ்சின். நாலாயிரம் தாண்டினால்தான் அதன் குணம் தெரியும். சுமார் 700 கிலோ கார், முன்னால் ஸ்ட்ரட், பின்னால் பட்டை வில். அந்தப் பாரத்துக்கு அந்த எஞ்சினை அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். ஏ15-இன் பிளாக் உயரமானது, மூக்கில் பாரம் கூடும், பொனட்டுக்கும் எயார் கிளீனருக்கும் இடைவெளி பார்க்க வேண்டும். டிஸ்டிரிபியூட்டர் இருக்கும் இடமே வேறு: நம் பழைய ஏ12-க்கு அது பிளாக்கின் பக்கவாட்டில் நடுவே, பிந்தி வந்த ஏ வகைகளுக்கு முன்பக்கம். வயரிலிருந்து எக்ஸோஸ்ட் வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் இருக்கிறது, அதை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடக்க வேண்டும். அப்பா கடைசிவரை மாற்றாமல் வைத்திருந்த ஒரே நம்பர் அது.

பழைய பிளாக்கைத் திறந்தபோது கிரேங் நன்றாக இருந்தது. சிலிண்டர்தான் மேல்பக்கம் படி விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. 0.50 மில்லிமீற்றர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். முதலில் பிஸ்டனை வாங்கி, ஒவ்வொன்றையும் மைக்ரோமீற்றரில் அளந்து, அந்த அளவுக்கு போர் பண்ணச் சொன்னேன். போர் பண்ணிவிட்டுப் பிஸ்டன் தேடுகிறவர்களுக்குத்தான் பிறகு சூட்டில் பிஸ்டன் பிடிக்கும், இல்லாவிட்டால் குளிரில் கடகடவென்று அடிக்கும். இப்போது 1171 அல்ல, 1188 சிசி. ஹெட் அலுமினியம், தண்ணீர் வழிகளைச் சுற்றி அரித்திருந்தது. அதற்குக் காரணம் வருஷக்கணக்காகக் கூலண்ட் இல்லாமல் பைப் தண்ணீர் ஊற்றியதுதான். அரித்ததை நிரப்பி, மட்டம் தட்டி, ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தவணையில் இறுக்கினேன். கடைசித் தவணை 40 முதல் 43 இறாத்தல் அடி. ஒருமுறை ஓடிச் சூடாகி ஆறியதும் மறுபடி பார்த்தேன். டெப்பட் இடைவெளி எஞ்சின் சூட்டில் 0.35 மில்லிமீற்றர், உள்வால்வு வெளிவால்வு இரண்டுக்கும் அதுதான். குளிரில் வைத்துவிட்டுப் போகாதே என்று அப்பா சொல்வது உனக்கு ஞாபகம் இருக்கும்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் புதிதாக வாங்கினேன். நம் ஊரில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கிறது. மூடியின் ரப்பர் சரியாக உட்கார்ந்து 0.9 அழுத்தத்தைப் பிடித்தால் 110 தாண்டியும் தாங்கும், பிடிக்காவிட்டால் ஏற்றம் முடியுமுன்பே ஆவி. கொழும்பில் தெரியாத கோளாறு இங்கே உடனே தெரிந்துவிடும்.

தரையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ அனுப்பிய காசில் ஒரு கராஜில் வேலை செய்தார்கள் அல்லவா, பெயர் வேண்டாம், நீதான் தேடிப் பிடித்தாய். பழைய தகட்டை வெட்டவேயில்லை. துருவின் மேலேயே புதுத் தகடு வைத்து ரிவிட் அடித்து, மேலே தார் பூசி அனுப்பிவிட்டார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து, கீழே இருந்த கொஞ்ச நல்ல இரும்பையும் தின்றுவிட்டது. போட்டோ அனுப்பினேன். நீ ஒரு கட்டை விரலைப் பதிலாக அனுப்பினாய்.

காந்தத்தைத் துணியில் சுற்றிக் கார் முழுதும் இழுத்துப் பார்த்தேன். பிடி தளர்கிற இடமெல்லாம் புட்டி. முன் மட்கார்டின் பின் அடிப்பகுதி, இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் சில், பெட்டரித் தட்டு, ஸ்டெப்னி டயர்க் குழி. தண்ணீர் ஆரம்பிக்கிற இடம் என்னவோ முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பக்கத்துக் குழிதான். பைனஸ் இலை வடிகாலை அடைத்துவிடும், மழைத் தண்ணீர் உள்ளே வழிந்து காப்பெட்டுக்கு அடியில் நிற்கும், நம் பனியில் அது காயவே காயாது. காப்பெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஈரம் இல்லை என்று நம்பக் கூடாது, அடியில் உள்ள கம்பளத்தைப் பிழிந்து பார்க்க வேண்டும்.

சில் வெட்டும்போது டிங்கரிங் பாஸிடம் நான் விடாமல் கேட்டது ஒன்று. கதவு வாசலுக்குக் குறுக்கே முதலில் ஒரு பைப்பை வெல்ட் பண்ண வேண்டும், காரின் பாரம் சக்கரங்களிலேயே இருக்க வேண்டும், ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். நடுவில் ஜெக் கொடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து வெட்டினால் உடம்பு வளைந்துவிடும், பிறகு கதவு எந்தக் காலத்திலும் பூட்டாது. தகடு 0.9 மில்லிமீற்றர். மிக் வெல்டிங், 0.6 கம்பி, ஒரு பொட்டுக்கும் அடுத்ததற்கும் ஓர் அங்குலம் விட்டு, இந்த முனையில் ஒன்று அந்த முனையில் ஒன்று, ஆறவிட்டு ஆறவிட்டு. ஒரே இழுப்பாக ஓடவிட்டால் தகடு அப்பளமாக நெளியும். தகடு மேல் தகடு ஏறுகிற இடத்தில் வெல்டுக்கு முன்பே சிங்க் பிரைமர், பிறகு மூட்டுக்கு சீலர். சில்லின் உள்வயிற்றுக்குள் மெழுகு. பாஸுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அவசரப்படுத்துகிறவர்கள் கொடுக்கிற காசுக்கு அவர் ரிவிட்தான் அடிக்க முடியும்.

தேய்த்த இரும்பை இங்கே ஓர் இரவு விட்டால் காலையில் சிவப்பாக இருக்கும், அன்றன்றைக்கே எபொக்ஸி. பெயிண்ட் அடித்தது காலையில் வெயில் ஏறிய பிறகுதான், மத்தியானம் பனி இறங்குவதற்குள் நிறுத்திவிடுவோம். ஈரக்காற்றில் அடித்தால் பளபளப்பு பாலாக வெளிறிப் போகும். நிறம் பழைய வெள்ளை. சிவப்பு இல்லை, அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

காபரேட்டருக்கு வந்தால்தான் எனக்கு நீ ஞாபகத்துக்கு வருகிறாய், அண்ணே.

ஏப்ரல் சீசன், மகாகஸ்தோட்ட ஹில் கிளைம்ப் பார்க்கப் போன அந்தக் காலை. 1934இலிருந்து நடக்கிற போட்டி, அதற்கு அப்பா ஒரு வருஷமும் தப்ப மாட்டார். கிரகரி வாவிப் பக்கம் ஓரம் கட்டி பொனட்டைத் திறந்தார். நானுஓயாவிலிருந்து ஏறும்போதே எஞ்சின் திக்கிக்கொண்டு வந்தது. நீ கேட்காமலேயே டிக்கியிலிருந்த அரை அங்குல ரப்பர்க் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்தாய், மறு முனையை முன் காபரேட்டரின் வாயில் வைத்தாய், பிறகு பின்னதில். கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். ரேஸ் கார்கள் வரிசையாகப் போகிறது, நீ திரும்பிப் பார்க்கவில்லை. "பின்னால உள்ளது கூட இழுக்குதுப்பா" என்றாய். அப்பா ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை உன் கையில் கொடுத்தார். அதுவரை அந்த ஸ்க்ரூவை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. நீ இணைப்புக் கம்பியைத் தளர்த்தி, பின்னதைக் கால் சுற்று மூடி, மறுபடி கேட்டு, மறுபடி ஒரு மயிரிழை மூடி, இரண்டு சத்தமும் ஒன்றாகும்வரை விடவில்லை. உனக்குப் பதினாறு வயது. உன் காதோரம் கிரீஸ் ஒட்டியிருந்தது, அப்பா தன் லேஞ்சியால் துடைத்துவிட்டார். அவர் யாரையும் அப்படித் துடைத்துவிட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் காதை எடுத்துக்கொண்டுதான் நீ கத்தாருக்குப் போனாய். குழாய் டிக்கியிலேயே கிடந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், டோர்ச் பிடித்துக்கொண்டு. என்னைக் குழாயைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லவில்லை, அவரும் சரி, நீயும் சரி.

இப்போது கேட்கிறேன். இரட்டை ஹிட்டாச்சி காபரேட்டரின் அடியில், பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை முழுக்க மேலேற்றி, அங்கிருந்து இரண்டரைச் சுற்று இறக்கித் தொடங்கினேன். அது சமவெளிக்கான இடம். இங்கே காற்று மெலிது, அதே ஜெட்டில் பெற்றோல் கூடிவிடும், பிளக் கரியாகும், புகைப் பரிசோதனையில் கார்பன் மொனொக்சைட்டில் தோற்கும். கொஞ்சங் கொஞ்சமாக மேலேற்றினேன். காபரேட்டருக்குள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் மட்டும் தூக்கிப் பார்: சுற்று கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், இறங்கி அணையப் பார்த்தால் குறைவு, லேசாகக் கூடிப் பழைய இடத்துக்கே வந்தால் சரி. அந்தப் பிஸ்டனின் டேம்பருக்கு 20 நம்பர் ஒயில். கொழும்புக்கு இறங்குகிற நாளில் இரண்டு நட்டையும் மறுபடி கீழே விட வேண்டும். விடாவிட்டால் அங்கே எரிபொருள் போதாமல் சூடேறித் தட்டும். 92 பெற்றோல் இங்கே போதும், அழுத்தம் குறைவான ஊரில் ஒக்டேன் தேவையும் குறைவு.

வேகம் எடுக்கிறதைவிட ரம்பொடை இறக்கத்தில் நிற்கிறது முக்கியம் என்பதால் பிரேக்குக்குத்தான் அதிகம் செலவழித்தேன். டொட் 3 பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை தாங்கும், ஈரம் ஏறினால் 140. பனி ஊரில் ஈரம் சீக்கிரம் ஏறும். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த 140-ஐ டிஸ்க் எட்டிவிடும், பெடல் பஞ்சாகிக் கீழே போகும். டொட் 4 போட்டேன், முன் கலிப்பர் ரப்பர், பின் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிது. ஏறிய கியரிலேயே இறங்குகிறேன்.

நீ சொன்ன கொழும்புக்காரர் தருகிற விலை நல்ல விலைதான். 2020இல் இறக்குமதி நின்றதிலிருந்து ஓடாத காருக்குக்கூட விலை வந்தது, 2025இல் மறுபடி திறந்தும் புதுக் காரின் வரியைப் பார்த்துப் பழையது பெரிதாக இறங்கவில்லை. உனக்கு அங்கே பணத் தேவை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், எதற்கு என்பதும் தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். அதற்குத்தான் ஏ15 கணக்கைத் தனியாக எழுதியிருக்கிறேன். உன் பங்கை மாதாமாதம் போடுகிறேன், சீட்டு விழுந்தால் ஒரேயடியாகத் தருவேன். ஆனால் அவர் வாங்கினால் என்ன செய்வார் என்று விசாரித்தேன். எஞ்சினைக் கழற்றி ஜப்பான் டேர்போ போடுவாராம், மட்கார்டை வெட்டி அகல டயர் ஏற்றுவாராம். பாதிக்கு மேல் வெட்டியெடுத்துக் கட்டிய இந்த உடம்பில் இன்னொரு வெட்டு விழ நான் விட மாட்டேன்.

சன்னி ட்ரக் 1994 வரை ஜப்பானில் செய்யப்பட்டதால் எஞ்சின் சாமான், வீல் பெயாரிங் எல்லாம் இன்னும் கிடைக்கிறது. கூப்பேக்கு மட்டும் உரியதுதான் கிடைக்காது: பின் கண்ணாடி ரப்பர், பக்கக் கண்ணாடி ரப்பர், பின் லைட் மூடி. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பார்த்துவிட்டேன், இல்லை. அங்கே ஜப்பானிலிருந்து வரவழைக்க முடியும் என்று நீ ஒருமுறை சொன்னாய். பின் கண்ணாடி ரப்பரை மட்டும் வரவழை. கே, பி, 110 என்று எழுத்தோடு கேள், பி110 செடானுக்கு உள்ளது பொருந்தாது. மடித்து அனுப்ப விடாதே, மடித்த இடத்தில் கீறும்.

கொழும்புக்காரருக்கு நீயே சொல்லிவிடு. என் நம்பரைக் கொடுக்காதே.

தங்கச்சி