ஊசலும் உண்மை அட்டவணையும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பி.எட். உளவியல் தாள் இந்த வருஷம் உன்னிடம் வந்தது நல்லதாயிற்று. கணக்கு வாத்தியார் எடுத்தாலாவது குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயின் நான்கு நிலைகளை ஒப்பித்துவிட்டுப் போகும் பழக்கம் நிற்கும்.

பியாஜே ஏன் தர்க்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டார் என்று கேட்டிருந்தாய். தர்க்க விதிகள் மண்டைக்குள் பிறவியிலேயே இருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை. பொருள்களைக் கையாண்டு கையாண்டு பிள்ளை தானே ஓர் ஒழுங்கைக் கட்டிக்கொள்கிறது. அதை எழுதிக் காட்டத்தான் தர்க்கக் குறியீடு. 1955இல் அவருடைய உடன் ஆய்வாளர் இன்ஹெல்டரும் அவரும் வெளியிட்ட புத்தகத்தின் ஊசல் சோதனையை எடுத்துக்கொள். ஊசல் வேகமாகவோ மெதுவாகவோ ஆட எது காரணம் என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். நூலின் நீளம், குண்டின் எடை, விடும் உயரம், தள்ளும் விசை நான்கையும் மாற்றலாம். சின்னப் பிள்ளைகள் நூலைக் குறைக்கும்போதே குண்டையும் மாற்றிவிடுவார்கள். அப்புறம் காரணத்தைப் பிரிக்கவே முடியாது. வளரிளம் பருவத்தில்தான் மற்ற மூன்றையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள்.

வகுப்பில் செய்தால் 20 செ.மீ., 80 செ.மீ. நீளம் வை. பத்து அலைவுக்கு முறையே 9, 18 விநாடி வரும். நீளத்தைக் குண்டின் மையம் வரை அள. பெரிய குண்டை மாட்டினால் மையம் கீழே இறங்கி நீளம் கூடிவிடும். எடையும் காரணம் என்று பிள்ளைகள் சாதிப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. அதிகம் சாய்த்து விட்டாலும் இதே குழப்பம்தான்: உயரமும் கொஞ்சம் பேசத் தொடங்கும்.

இனி நீ ரசிக்கும் பகுதி. மெய்யோ பொய்யோ ஆகும் இரண்டு கூற்றுகளை இணைக்க, அந்த மெய்-பொய்களை வரிசையிடும் உண்மை அட்டவணை தரும் 16 வழிகள் மேல் பியாஜே நான்கு மாற்றங்களை வைத்தார்: அப்படியே விடுதல், முழுவதையும் மறுத்தல், உறுப்புகளை மட்டும் மறுத்தல், ‘அல்லது’வையும் ‘மற்றும்’மையும் இடம் மாற்றுதல். ‘அ அல்லது ஆ’வில் தொடங்கினால் நான்கும் வெவ்வேறாக வரும். ‘அ இருந்தால், இருந்தால் மட்டுமே ஆ’வில் தொடங்கிப் பார், இரண்டுதான் மிஞ்சும். பதினாறில் எட்டு மட்டும் நான்கு நான்காகச் சேரும். மீதி எட்டும் இரண்டிரண்டாகச் சுருங்கும். மாணவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்.

பியாஜேயின் தர்க்கத்தில் உண்மையான ஓட்டை வேறு இடத்தில். ‘நூல் நீளமாக இருக்கிறது’ என்பது ஒரு சோதனையில் மெய், அடுத்ததில் பொய். அப்படியென்றால் அது தனிக் கூற்றே இல்லை. ‘எல்லாச் சோதனையிலும்’, ‘சிலவற்றில்’ என்ற அளவைச் சொற்கள் வேண்டும். தர்க்கவியலாளர் சார்ல்ஸ் பார்சன்ஸ் 1960இலேயே இந்த இடத்தில் கைவைத்தார்.

அடுத்த அடி 1966இல் உளவியலாளர் வேசனின் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். விதி இது: ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டை எண். மேலே தெரிவது ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. விதியைச் சோதிக்க உயிரையும் 7ஐயும் திருப்ப வேண்டும். படித்த பெரியவர்களே பெரும்பாலும் 4ஐத் திருப்புகிறார்கள். 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற உளவியலாளர்கள் அதே விதியை, பீர் குடிப்பவர் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்று மாற்றிக் கேட்டதும் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். உள்ளடக்கம் இல்லாத வடிவம் யாரையும் காப்பாற்றவில்லை. இதற்கும் முன்னே, 1972இல், முறைசார் சிந்தனை, அதாவது வடிவத்தை மட்டும் வைத்துத் தர்க்கிக்கும் கடைசி நிலை, அவரவர் நாட்டத்தையும் தொழிலையும் பொறுத்தது என்று பியாஜேவே இறங்கி வந்திருந்தார். பாடப்புத்தகங்கள்தான் இன்னும் 1955இல் நிற்கின்றன.

அட்டைகளை ஊசலுக்கு முன்னால் வைக்காதே; விடையைப் பற்றிய சண்டையிலேயே பீரியட் போய்விடும். வினாத்தாள் போட்டதும் அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ரகு