மேடைக்கு வருபவர் உன் விருந்தாளி

அன்புத் தங்கைக்கு,

கனடாவின் எட்மன்டன் ஃபிரிஞ்ச் நாடக விழாக் குலுக்கலில் உன் பெயர் விழுந்ததாக அம்மா சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேர்வுக் குழு இல்லை, சிபாரிசு இல்லை. சீட்டு விழுந்தவருக்கு மேடை, டிக்கெட் விலை முழுவதும் கலைஞருக்கு. 1947இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த பெரிய கலைவிழாவுக்கு அழைக்கப்படாத எட்டுக் குழுக்கள் தாமாகவே வந்து நாடகம் போட்டதில் பிறந்த வழக்கம் இது. 1982இல் உன் ஊருக்கு வந்தது. இப்போது உன் கைக்கு வந்திருக்கிறது.

உன் நாடகப் பிரதியை இரண்டு முறை படித்தேன். நூலகத்தில் எதிர்மேசையில் உட்காருபவனிடம் ஒரு சொல்கூடப் பேச முடியாமல், பார்வையாளர்களிடம் காதல் சொல்லிப் பழகுகிறாளே அந்தப் பெண், அவளை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரவலாக வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுக்கும் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் நடுவில் ஒருவரை மேடைக்கு இழுத்து, அவருடைய முதல் காதலின் பெயரை உரக்கச் சொல்ல வைக்கிறாய். அதை எடுத்துவிடு.

காரணம் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அரங்கில் இதே போன்ற விளையாட்டைப் பார்த்தேன். இருபது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. நடிகர் விடாமல் கேட்க, அவன் ஒரு பெயரைச் சொல்லிவிட்டான். அந்தப் பெண் அவன் நண்பர்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அரங்கமே கைதட்டிச் சிரித்தது. நாடகம் முடியும்போது அவன் நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் காலி நாற்காலி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அகப்பாடல்களில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டக் கூடாது என்று நம் முன்னோர் இலக்கணமே வகுத்தார்கள். பள்ளியில் படித்தபோது அது வெறும் விதியாகத் தெரிந்தது. அந்தப் பையனைப் பார்த்த பிறகுதான் அதில் எவ்வளவு கருணை இருக்கிறது என்று புரிந்தது.

இதைச் சரியாகச் செய்தவர் உன் பக்கத்து ஊர்க் கலைஞர். கால்கரியில் நாடக ஆசான் கீத் ஜான்ஸ்டன் வளர்த்த லூஸ் மூஸ் நாடகக் குழுவிலிருந்து வந்த ரெபெக்கா நார்தன். அவருடைய 'பிளைண்ட் டேட்' (முன்பின் அறியாதவரோடு காதல் சந்திப்பு) 2007இல் டொரண்டோவில் பத்து நிமிடத் துண்டாகத்தான் தொடங்கியது. பிறகு ஒன்றரை மணி நேர நாடகமாக வளர்ந்தது. சிவப்புக் கோமாளி மூக்கு வைத்த மிமி என்ற பிரெஞ்சுக்காரி, வர வேண்டியவன் வராததால், பார்வையாளர் ஒருவரை அழைத்து உட்கார வைத்துக்கொள்கிறாள். மீதி முழுவதும் அந்த இடத்திலேயே பிறப்பது. வந்தவர் என்ன சொன்னாலும் மிமி அதை ஏந்திக்கொள்கிறாள். தடுமாறுகிறவள், வெட்கப்படுகிறவள், ஏங்குகிறவள் எல்லாம் மிமிதான். கோமாளி மூக்கு இருப்பது அவள் முகத்தில்தானே!

அதில் இரண்டு ஏற்பாடுகளைக் கவனி. மேடையோரம் ஓர் இடத்தைக் கோடிட்டு வைத்திருப்பார்கள். வந்தவருக்குச் சங்கடமாக இருந்தால் இருவரும் அங்கே போய், நாடகத்தை நிறுத்திவைத்து, சாதாரண மனிதர்களாகப் பேசிக்கொள்ளலாம். அடுத்தது, காட்சி தொடங்கும் முன்பே மிமி வாசல் கூடத்தில் வருகிறவர்களோடு பேசிப் பழகிவிடுவாள். யாருக்கு விருப்பம், யார் அஞ்சுகிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

உனக்கு அந்த வசதி இயல்பாகவே அமைந்திருக்கிறது. எப்படியும் நோட்டீஸ் கொடுக்க, நாடகம் பார்க்க வாசலில் காத்து நிற்பவர்களின் வரிசைகளில் ஏறி இறங்கத்தான் போகிறாய். வெறுமனே தாளை நீட்டிவிட்டு நகராதே. நின்று இரண்டு வார்த்தை பேசு. "மேடைக்கு வருவீர்களா?" என்று நேராகவே கேள். தலைகுனிகிறவரை விட்டுவிடு. நண்பர்கள் "இவனைக் கூப்பிடு" என்று தள்ளிவிடும் ஆளை நிச்சயமாகத் தொடாதே.

முதல் காதலின் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, தான் காதலித்தவரின் முன்னால் எதை மறைக்கப் படாத பாடு பட்டார் என்று மேடைக்கு வந்தவரிடம் கேட்டுப் பார். கிழிந்த செருப்பா, நடுங்கும் குரலா? அதைச் சொல்வதில் யாரும் காட்டிக்கொடுக்கப்படுவதில்லை. அவர் சொன்னதை நீ நடித்துக் காட்டு. சிரிப்பு உன் மேல் விழட்டும்.

விழாவுக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். ஒத்திகையில் அந்த விருந்தாளி நாற்காலியில் முதலில் என்னை உட்கார வை.

அன்புடன்,
அக்கா