கடைசிப் பகா எண் என்று ஒன்று கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தில் பெரிய பகா எண் பற்றி வந்த பெட்டிச் செய்தியைப் படித்தேன். கணக்குக்கும் இடம் கொடுத்தீர்களே, அதற்கு நன்றி. ஆனால் அது "உலகின் கடைசிப் பகா எண்", "வங்கிக் கணக்குகளைக் காப்பது இதுதான்" என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டும் தப்பு, என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் அதை அப்படியே ஒப்பிக்கிறார்கள்.

பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் என்ற கிரேக்கக் கணித மேதை இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே காட்டிவிட்டார். கையில் இருக்கும் பகா எண்களையெல்லாம் பெருக்கி 1 கூட்டுங்கள், வருவதை அவற்றில் எதனால் வகுத்தாலும் மீதி 1தான், அப்படியானால் பட்டியலுக்கு வெளியே இன்னொன்று இருந்தே ஆக வேண்டும். நீங்கள் போட்ட எண், 2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது, இதுவரை தெரிந்தவற்றில் பெரியது, அவ்வளவுதான்.

வங்கி விஷயம் அதைவிட வேடிக்கை. ரகசியக் குறியீட்டுக்குச் சில நூறு இலக்கமுள்ள, வேறு யாருக்கும் தெரியாத பகா எண்கள்தான் வேண்டும். ஊருக்கே சொல்லிவிட்ட எண்ணை வைத்து எந்தப் பூட்டைப் பூட்டுவது?

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். 2ஐ 13,62,79,841 முறை பெருக்கி 1 கழித்தால் வருவது, மொத்தம் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். இலக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்து ஒரே வரியாக எழுதினால் தர்மபுரியில் தொடங்கி கிருஷ்ணகிரி, சூளகிரியெல்லாம் தாண்டி, ஓசூருக்குக் கொஞ்சம் முன்னால் போய் நிற்கும். இரும எண்ணாக எழுதினால் வெறும் 1, 1, 1 என்று 13 கோடிக்கு மேல் ஒன்றுகள், நடுவில் ஒரு சுழியம்கூடக் கிடையாது. இப்படி 2இன் அடுக்கில் 1 கழித்து வரும் வகைக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அடுக்கு, அதாவது 2ஐ எத்தனை முறை பெருக்குகிறோம் என்பது, பகா எண்ணாக இருந்தால் மட்டும் மெர்சென் எண்ணும் பகா எண்ணாகிவிடாது, 11 பகா எண்தான், ஆனால் 2இன் 11ஆம் அடுக்கில் 1 கழித்து வரும் 2047ஐப் பாருங்கள், 23 பெருக்கல் 89. அந்த இரண்டையும் 22ஆல் வகுத்தால் மீதி 1 வரும், இது தற்செயல் இல்லை. பகா எண்ணை அடுக்காகக் கொண்ட மெர்சென் எண் எதை எடுத்தாலும், அடுக்கு 2 ஆக இருப்பதைத் தவிர, அதன் பகாக் காரணி ஒவ்வொன்றையும் அடுக்கின் இரு மடங்கால் வகுத்தால் மீதி 1தான்.

இவ்வளவு பெரிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 51 என்று கம்ப்யூட்டர் இல்லாமலே பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடலாம். 2இன் அடுக்குகளில் கடைசி இரு இலக்கங்கள் 04, 08, 16 என்று போய் 20 அடுக்குக்கு ஒருமுறை திரும்பி வரும். நம் அடுக்கை 20ஆல் வகுத்தால் மீதி 1, அதாவது 21ஆம் அடுக்கின் இடம். 21ஆம் அடுக்கு 20,97,152. அதில் 1 போனால் 51.

பெட்டிச் செய்திக்குத் திருத்தம் போடுங்கள், முடிந்தால் இந்த 51 கணக்கையும் கேள்வியாக அதே பக்கத்தில் போடுங்கள், விடையை மட்டும் அடுத்த வாரம்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்