கஹ்வாவை 'வேண்டாம்' என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஓமன் பயணக் கட்டுரையைப் படித்தேன். விசா, விடுதி, வாடி ஷாப் பள்ளத்தாக்குக்குப் போகும் வழி எல்லாம் சரிதான். ஆனால் யாராவது வீட்டுக்கு அழைத்தால் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு வரிகூட இல்லை. மஸ்கட்டில் ரூவியில் ஒன்பது வருடம் குடியிருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

என் சித்தி ஊரிலிருந்து வந்திருந்தபோது, நிஸ்வாவில் தெரிந்த குடும்பம் ஒன்று எங்களைக் கூப்பிட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்க் கம்பளத்தில் உட்கார்ந்தோம். முதலில் பேரீச்சம்பழம், பின்னாலேயே கஹ்வா என்கிற அரபுக் காபி. வீட்டு மருமகள் தல்லாவை, அதாவது காபிக் கூஜாவை, இடது கையில் பிடித்து ஊற்றி, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தை வலது கையால் நீட்டினாள். சித்தியோ, "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்று கையசைத்துவிட்டார். நம் ஊரில் முதல் தடவை மறுப்பதுதான் மரியாதை, வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வோம். அங்கே அப்படியில்லை. அந்த வீட்டுப் பாட்டியின் முகம் வாடிப்போனது. எங்கள் வீட்டில் ஏதும் குறையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். இன்றைக்கும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

ஒரு கிண்ணமாவது குடித்துவிடுங்கள், வலது கையால் வாங்கி. சர்க்கரை இருக்காது, ஏலக்காய் மணக்கும். அந்தக் கசப்புக்குத் துணையாகத்தான் பேரீச்சம்பழம். கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுவதுதான் அங்கே முறை, கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். காலிக் கிண்ணத்தைச் சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதுமென்றால் இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். நாம் ஆட்டும்வரை அந்தப் பெண் உட்காராமல் தல்லாவோடு நின்றுகொண்டே இருந்தாள். ஓமன், சவூதி, அமீரகம், கத்தார் நான்கும் சேர்ந்து முன்வைத்த இந்தக் காபி உபசாரத்தை 2015-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்களுக்கு அது அவ்வளவு பெரிய விஷயம்.

அப்புறம், பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கவே கூடாது. நிஸ்வா சந்தையில் நம்மவர்களே அப்படிச் செய்வதைப் பார்த்துக் கூசியிருக்கிறேன். அங்குள்ள பெண் தானாகக் கை நீட்டினாலொழிய ஆண்கள் கைகுலுக்கப் போக வேண்டாம். நெஞ்சில் கைவைத்துச் சலாம் சொன்னால் போதும். ரமலான் பகலில் தெருவில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மஸ்கட் பெரிய பள்ளிவாசலைப் பார்க்கப் போகும் பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்த முறை அரபு நாடுகளைப் பற்றி எழுதும்போது, விடுதி வாடகைக்குத் தரும் இடத்தில் பாதியாவது இதற்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை