மாசாய் பாசிமணியும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

கென்யாவிலும் தான்சானியாவிலும் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் பாசிமணி நகைகளைப் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் 'பல நூறு ஆண்டுகளாக மாறாத கலை' என்று எழுதியிருந்தீர்களே, அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

இன்று அவர்கள் கோர்க்கும் சின்னக் கண்ணாடி மணிகள் பெரும்பாலும் செக் நாட்டிலிருந்து வருபவை. ஐரோப்பியக் கண்ணாடி மணி அங்கே ஏராளமாகப் போய்ச் சேர்ந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் விதை, எலும்பு, களிமண், இரும்பு, பித்தளை. திருமணமான பெண்கள் காதில் தொங்கவிடும் 'சுருத்தியா' இன்றும் பித்தளைச் சுருள்தான். சரி, அப்படியானால் இது வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்த கலையா? அதுவும் இல்லை. 1883இல் ஸ்காட்லாந்து நாட்டுப் பயணி ஜோசப் தாம்சன் மாசாய் நாட்டைக் கடக்கப் புறப்பட்டபோது, வழியில் கொடுப்பதற்காக எடுத்துப்போன மணிச்சரங்களை அவர்கள் ஏற்றுக்கொள்ளும் நீளத்துக்குத் இன்றைய கென்யாவில் உள்ள தவேத்தா என்ற ஊரில் உட்கார்ந்து மறுபடி கோர்க்க வேண்டியிருந்தது. எந்த மணி வேண்டும், எப்படி வேண்டும் என்பதை வாங்குகிறவர்கள்தான் தீர்மானித்தார்கள்.

சிவப்பு வீரம், வெள்ளை பால், பச்சை புல் என்று பெட்டிச்செய்தி போட்டிருந்தீர்கள். தப்பில்லை, ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வரலாம், எந்த இடத்தில் ஒன்றை நிறுத்தி அடுத்ததைத் தொடங்குவது என்பதில்தான் திறமையே இருக்கிறது, ஒவ்வொரு புது வயதுக்குழு (ஒரே காலத்தில் சடங்கு முடித்து ஒன்றாக வீரர்களாகும் கூட்டம்) இளைஞர்கள் வரும்போதும் பெண்கள் அவர்களுக்கென்று புதுசாக ஒரு பாணியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். தட்டு மாதிரி விரியும் அந்தக் கழுத்தணியையே எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பியில் மணி கோர்த்து வரிசை வரிசையாக வளைத்து, வரிசைகள் கலையாமல் இருக்க நடுநடுவே துளை போட்ட தோல்பட்டையைக் கொடுப்பார்கள். இப்போது அந்தப் பட்டையைப் பிளாஸ்டிக்கில் வெட்டிக்கொள்கிறவர்களும் உண்டு, கோர்க்க விலங்கு நரம்புக்குப் பதில் நைலான் நூல் வந்துவிட்டது. அதனால் அது போலியாகிவிடுமா என்ன? பெண்கள் தோளை அசைத்து ஆடும்போது முழுத் தட்டும் மேலே எழும்பி விழ வேண்டும், அதற்கேற்ற கனமும் இறுக்கமும் கோர்க்கிறவளின் கைக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒன்று. படங்களுக்குக் கீழே புகைப்படக்காரர் பெயர் இருந்தது, நகை செய்த பெண்ணின் பெயர் ஒன்றில்கூட இல்லை. அடுத்த முறை அவர்களிடம் சம்மதம் கேட்டு, அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை