ஆன்டெனா கொண்டு வராதே

திருவல்லிக்கேணி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. மழை, கரண்ட் கட் என்று காரணம் சொல்லலாம். உண்மையில் சோம்பல்தான். டல்லாஸ் பக்கத்தில் பிளேனோவில் பேரனோடு நடக்கப் போகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். முழங்காலை மட்டும் பார்த்துக்கொள்.

இருபத்தைந்து டாலருக்கு ஆன்டெனா வாங்கி ஜன்னலில் ஒட்டினாய், சந்தாவே இல்லாமல் ஐம்பது சேனலுக்கு மேல் வருகிறது, ஜனவரியில் வரும்போது எனக்கும் ஒன்று கொண்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்டா. அங்கே பெரிய தனியார் நிலையங்களே கோபுரம் வைத்து இலவசமாக ஒளிபரப்புகின்றன. இங்கே கோபுரத்திலிருந்து ஒளிபரப்புவது தூர்தர்ஷன் மட்டும்தான். உன் ஆன்டெனா இங்கேயும் அலையைப் பிடிக்கும், அதற்கு ஊர் பேதமில்லை. ஆனால் பிடிக்க இங்கே என்ன இருக்கிறது? போதாததற்கு, ஆன்டெனா பிடிப்பதைப் படமாக்க டிவிக்குள் அந்தந்த ஊர் முறைக்கான ட்யூனர் வேண்டும்: உங்கள் ஊர் முறை ஏடிஎஸ்சி, இங்கே தூர்தர்ஷனின் டிஜிட்டல் முறை டிவிபி-டி2.

சொல்லாமல் விட்ட கதை ஒன்று இருக்கிறது. 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் இந்த டிஜிட்டல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அடுத்த வருடம் எனக்கு ஆசை வந்து, அந்த டி2 ட்யூனர் உள்ள பெட்டி தேடி ரிச்சி தெருவில் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தேன். மூன்று கடையில் "அது என்ன சார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். நாலாவது கடையில் தூசி தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள், கூடவே யுஎச்எஃப் எனும் குட்டை அலைநீள அலைகளுக்கான ஒரு ஆன்டெனா. கம்பி ஒவ்வொன்றும் ஒரு அடிதான். அலைநீளத்தில் பாதி என்பது கணக்கு. 500 மெகாஹெர்ட்ஸுக்கு அவ்வளவு போதும். உங்கள் வீட்டு மாடியில் இருந்த பழைய ஆன்டெனாவில் ஒரு ஆள் நீளத்துக்குக் கம்பி இருந்ததே, அதெல்லாம் அலைநீளம் கூடிய பழைய விஎச்எஃப் அலைக்காக. படம் என்னவோ பளிங்கு மாதிரி வந்தது. சேனல் ஐந்து. அதில் தமிழ் பேசியது பொதிகை மட்டும். (இப்போது அதன் பெயர் டிடி தமிழ், 2024-இல் மாற்றினார்கள்.) "இதுக்கா ரெண்டு நாளா மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினீங்க?" என்று வீட்டில் கேட்டாள். பெட்டி இப்போது பரணில் இருக்கிறது.

அன்றைக்கு மாடியில் நிற்கும்போது உன் பாட்டி ஞாபகம் வந்தது. 1983-இல் உங்கள் வீட்டுக்கு டிவி வந்தபோது நீ மேலே ஆன்டெனா பைப்பைத் திருப்புவாய், நான் மாடிப்படியில், பாட்டி டிவி முன்னால். "ஆள் வந்துட்டான்! ஆனா ரெண்டு பேரா வந்திருக்கான்!" என்று கத்துவார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. கட்டடத்தில் மோதித் திரும்பும் அலை ஒரு நொடித் துணுக்கு தாமதமாக வந்து சேரும்; அதுதான் அந்த இரண்டாவது ஆள். டிஜிட்டலில் அவன் வருவதில்லை. சிக்னல் இருந்தால் முழுப்படம், குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் குறைந்தால் ஒன்றுமே இல்லை.

உனக்குச் சாயங்காலமானால் இரண்டு சேனல் உடைகிறது என்றாயே, அதுவும் இதே கதைதான். டல்லாஸ் கோபுரங்கள் பெரும்பாலும் சீடர் ஹில்லில் இருக்கின்றன, உனக்குத் தெற்கே, சுமார் 30 மைலில். நீ ஒட்டியிருப்பது எந்தப் பக்க ஜன்னல்? வடக்கென்றால் முதலில் அதை மாற்று. உயரம் கூடக் கூட நல்லது, ஆனால் பரணில் கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால் அங்கே வைக்காதே, அது அலையைத் தடுக்கும். இடம் மாற்றியதும் சேனல்களை மறுபடி ஸ்கேன் செய். பெட்டியில் 150 மைல் என்று போட்டிருப்பதை நம்பாதே, பூமி உருண்டையாயிற்றே, அலை அடிவானத்தைத் தாண்டிச் சுலபமாக வளையாது. பூஸ்டர் ஒயரில் வீணாகும் சிக்னலை ஈடுகட்டும், ஆன்டெனாவுக்கே வராத சிக்னலை எங்கிருந்து கொண்டு வரும்?

சரி, இங்கே இலவசமென்றால் தூர்தர்ஷன் செயற்கைக்கோள் வழியாகத் தரும் டிடி ஃப்ரீ டிஷ்தான். 2004 டிசம்பரில் ஆரம்பித்தது. மாதக் கட்டணம் கிடையாது. டிஷ், பெட்டி எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. ஆளைக் கூப்பிடாமல் நானே வைத்தேன். அதன் செயற்கைக்கோள் ஜிசாட்-15 இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், சென்னையிலிருந்து பார்த்தால் நேர் தென்கிழக்கு, என் மாடிக்கு ஐஸ் ஹவுஸ் பக்கம். ஏற்றக் கோணம் 68 பாகை, கிட்டத்தட்ட தலைக்கு மேல். பக்கத்தில் எத்தனை மாடி எழும்பினாலும் பெரும்பாலும் மறைக்காது. நான் செய்த தப்பு என்ன தெரியுமா? 68 என்று படித்துவிட்டு டிஷ்ஷையே வானம் பார்த்து மல்லாத்தி வைத்தேன். ஒரு மணி நேரம் சிக்னல் பூஜ்யம். இந்த டிஷ் ஆஃப்செட் வகை, அலையைப் பிடிக்கும் முனை நடுவில் இல்லாமல் கீழே தள்ளியிருக்கும்; பார்வைக்கு இருபது இருபத்தைந்து பாகை குறைவாகச் சாய்ந்திருந்தால்தான் சரியாகப் பார்க்கிறது என்று அர்த்தம். நிமிர்த்தி ஒரு நூல் நகர்த்தினேன், டிவியில் சிக்னல் கோடு துள்ளி ஏறியது.

குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலும் இந்தி. அதனால் வீட்டில் சீரியலுக்காகக் கேபிளும் ஓடுகிறது, நான் மிச்சம் பிடித்தது பூஜ்யம். அப்புறம், கனமழை வந்தால் படம் போய்விடும், மேகத்தைத் திட்டிப் பயனில்லை. எனக்குப் பெரிய தலைவலி கடல் காற்றுதான். எட்டு மாதத்தில் ஒயர் முனையில் இருக்கும் கனெக்டர் பச்சை பிடித்துவிடுகிறது. ரப்பர் டேப் சுற்றுகிறேன், தண்ணீர் வழிந்து உள்ளே போகாதபடி ஒயரை ஒரு வளைவு தொங்கவிடுகிறேன், அப்படியும் தாங்குவதில்லை.

ஆகவே ஆன்டெனாவுக்குப் பதிலாக, டிஷ்ஷிலிருந்து வரும் ஆர்ஜி-6 ஒயருக்கான கம்ப்ரஷன் கனெக்டர் (ஒயரில் அழுத்திப் பொருத்தும் வகை) பத்து வாங்கி வா. மழைக்குத் தாங்கும் வகை, உள்ளே ரப்பர் வளையம் இருக்கும். அதை அழுத்தும் கருவியும் ஒன்று. அந்த மரை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

உன்,
ரகு

பி.கு.: உங்கள் பழைய வீட்டை வாங்கியவர்கள் மாடியில் அந்த ஜிஐ பைப்பை இன்னும் எடுக்கவில்லை. துணிக்கொடி கட்டியிருக்கிறார்கள்.