கடுகளவு குமிழி

தண்டையார்பேட்டை,
மாசி மாதம்.

அன்புள்ள ராஜேந்திரனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்கு மொட்டை போட்டது, ஓசூர் குளிர், உன் முட்டி வலி எல்லாம் படித்தேன். முட்டிக்கு எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டு உட்காராதே, ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது, பத்திரிகை தனியாக வரும்.

"ஒரு ஜெட்டுக்கு ரெண்டு வருஷமா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், ரெண்டு வருஷம். ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம்தான், ஆனால் உள்ளே இருப்பது நிஜ ஜெட் எஞ்சின். போன ஞாயிற்றுக்கிழமை அந்த எஞ்சின் முழு மூச்சில் ஓடிவிட்டது. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

மொட்டை மாடி அறையில்தான் கட்டினேன். உடல் மட்டும் ரெண்டு மீட்டருக்கு மேல் நீளம். இறக்கை கழன்றுவிடும், உடல் கழலாது. எங்கள் மாடிப்படி உனக்குத் தெரியுமே, ஒரு ஆள் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும். கடைசியில் பழைய புடவைகளைச் சுற்றி, கயிறு கட்டி, கிணற்றில் வாளி இறக்குவது போலத் தெருவில் இறக்கினோம். கீழே நாலு பையன்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கிருந்து மாதவரம் பக்கம் ஒரு லாரி ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். மாடியில் வைத்து ஓட்ட முடியாது. சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், வாலில் வரும் காற்று 500, 600 டிகிரி இருக்கும்.

எஞ்சின் ஒரு சின்ன டர்பைன், ஒரு கையில் தூக்கிவிடலாம், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அது தள்ளுவது 100 நியூட்டன், அதாவது பத்து கிலோவைத் தூக்கும் பலம். முன்னால் காற்றை அழுத்தும் ஒரு சக்கரம், லாரி டர்போவில் இருக்கிற மாதிரிதான். நடுவில் நெருப்பு எரியும் அறை. பின்னால் சூடு தாங்கும் உலோகத்தில் இன்னொரு சக்கரம். ரெண்டும் ஒரே தண்டில். முழு வேகத்தில் அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றை நெருங்கும். 1980களின் கடைசியில் ஜெர்மனியில் குர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் வீட்டுப் பட்டறையிலேயே இப்படி ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். காற்றை அழுத்தும் சக்கரத்தை அவர் செய்தது பிளைவுட்டில், மேலே கார்பன் நூல் சுற்றி! எனக்கு எப்போது மனம் சோர்ந்தாலும் அந்த மரச் சக்கரத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

உன் அம்மாவின் பம்ப் ஸ்டவ் ஞாபகம் இருக்கிறதா? கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, குழாய் சூடேறிய பிறகுதான் அம்மா பம்ப் அடிப்பார். இந்த டர்பைனுக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. மண்ணெண்ணெய் சின்னச் சின்னக் குழாய்களுக்குள் போய், சூட்டில் ஆவியாகி, அப்புறம்தான் எரிகிறது. 20 லிட்டருக்கு 1 லிட்டர் டர்பைன் ஆயில் கலக்க வேண்டும், ஏனென்றால் பேரிங்குக்கும் அதே எண்ணெய்தான் போகிறது. முதல் நாள் ஸ்டார்ட் செய்தபோது மோட்டார் மெல்லச் சுற்றியது, உள்ளே 'பொக்' என்று ஒரு சத்தம், ஒரு கீற்று வெள்ளைப் புகை, அப்புறம் அந்த விசில் ஏறிக்கொண்டே போனது. உங்கள் வீட்டுச் சமையலறை வாசனை அப்படியே வந்தது.

ஆனால் ஓடிக்கொண்டே இருக்கவில்லை. பாதி வேகத்தைத் தாண்டினால் சில நொடிகளில் அணைந்துவிடும். சூட்டை அளக்கும் சென்சாரைச் சந்தேகப்பட்டேன். பேட்டரியை மாற்றினேன். பம்பைக் கழற்றி மாட்டினேன். மூன்று வாரம் தூக்கமில்லை.

எண்ணெய் பெரிய டேங்கிலிருந்து நேராகப் பம்புக்குப் போவதில்லை. நடுவில் காற்றைப் பிரித்துப் பிடித்துவைக்க ஒரு சின்ன டேங்க் உண்டு. அது இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிட்டேன். ஒரு நாள் ராத்திரி, எரிக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, எண்ணெயை ஒரு ஜாடியில் பிடித்தபடி, போன் வெளிச்சத்தைக் குழாய்க்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். கடுகளவு ஒரு குமிழி நகர்ந்துபோனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. சின்ன டேங்கையும் தாண்டி, பம்புக்கு நாலு விரல் முன்னால் இருந்த கனெக்டரிலிருந்து வந்தது. அந்தக் குழாயின் முனையை நான் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தேன். வெட்டு லேசாகச் சாய்ந்திருந்ததால் உள்ளே சரியாக உட்காரவில்லை. பம்ப் உறிஞ்சுகிற பக்கம் என்பதால் ஒரு சொட்டு எண்ணெய்கூட வெளியே கசியவில்லை, வெளிக்காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. துடைத்துப் பார்த்துத் துடைத்துப் பார்த்து "கசிவே இல்லை" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான். புது பிளேடால் நேராக வெட்டிச் செருகினேன். ரெண்டு நிமிஷ வேலை.

இது வானத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார், ராஜேந்திரா. எண்ணெய் இல்லாமலே விமானம் ஒன்பதரை கிலோ எடை. அன்றைக்கு விடியும் வரை மற்ற எல்லா இணைப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வெட்டி மாட்டினேன்.

அதற்குப் பிறகு செட்டிங். ரிமோட்டின் குச்சி எங்கே இருந்தால் நிற்க வேண்டும், எங்கே மெதுவாக ஓட வேண்டும், எங்கே முழு வேகம் என்று கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சிக்னல் அறுந்தால் தானாக அணைய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை அணைத்து மூன்று தடவை சோதித்தேன். அணைந்த பிறகும் ஸ்டார்ட்டர் மோட்டார் காற்றைச் சுழற்றி, 100 டிகிரிக்குக் கீழே ஆற்றிய பிறகுதான் ஓய்கிறது.

எடைச் சமநிலை பார்க்கும்போது உன்னைத்தான் நினைத்தேன். பெரிய டேங்க் காலி, சின்ன டேங்க் நிரம்பியிருக்க வேண்டும், சக்கரங்கள் இறங்கியிருக்க வேண்டும், அப்படித்தான் பார்ப்பது. வால் பக்கம் கனத்தது. பேட்டரியை மூக்குக்குத் தள்ளி, 180 கிராம் ஈயமும் வைத்தேன். வியாசர்பாடியில் என் காத்தாடிக்கெல்லாம் நீதானே சூத்திரம் போடுவாய்? அரை விரல் நகர்த்துவாய், அதுவரை சுற்றிக்கொண்டே இருந்தது நிமிர்ந்து நிற்கும்.

பறக்கவிட நம் பக்கத்தில் இடமில்லை. எங்கே பார்த்தாலும் வீடு, வயர். திருவள்ளூர் தாண்டி ஒரு லேஅவுட் பார்த்திருக்கிறேன். நேராக 200 மீட்டர் தார் ரோடு, இன்னும் ஒரு வீடுகூட வரவில்லை. உரிமையாளர் சரி என்றுவிட்டார். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலம்தான், போகிற அன்று காலையில் இன்னொரு தடவை பார்த்துவிடுவேன். ரோட்டோரம் மனைக்கல் வரிசையாக நிற்பதுதான் கவலை. இந்த எஞ்சின் குச்சியைத் தள்ளியதும் பாயாது, முழு பலத்துக்கு ஏற மூன்று நாலு நொடி ஆகும். இறக்கும்போது தப்பாக வந்துவிட்டோம் என்று கடைசியில் தெரிந்து, மறுபடி மேலே ஏற்றப் பார்த்தால் பிரயோஜனமில்லை. அதனால் கற்களுக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டப் போகிறேன்.

சித்திரை வெயில் வந்துவிட்டால் காற்று லேசாகிவிடும், தள்ளும் பலமும் குறையும். பங்குனி முதல் ஞாயிறு விடியற்காலை என்று வைத்திருக்கிறேன். நீ சனிக்கிழமையே வந்துவிடு. சென்ட்ரலில் இறங்கி விம்கோ நகர் மெட்ரோவில் ஏறினால் தண்டையார்பேட்டையில் நான் நிற்கிறேன். முட்டிக்கு வேலையில்லை, லிஃப்ட் இருக்கிறது. ராத்திரி பீச் பக்கம் போய் அத்தோ சாப்பிடலாம்.

ஸ்டார்ட் பண்ணும்போது தீயணைக்கும் சிலிண்டரோடு ஒருத்தர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அது நீதான். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அன்புடன்,
குமார்